60-க்குள் 60: அட்டையில் ஒரு துளை

ஒரு கனசதுரத்தில் துளை போட்டு, அதே அளவுள்ள இன்னொரு கனசதுரத்தை அதன் வழியே நுழைத்து வெளியே எடுக்கலாமாம். 17ஆம் நூற்றாண்டில் இளவரசர் ரூப்பர்ட் இப்படிப் பந்தயம் கட்டி ஜெயித்தார் என்று கணிதவியலாளர் ஜான் வாலிஸ் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சரி, அட்டையில் செய்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் 60 மி.மீ. கனசதுரம் ஒன்றை ஒட்டி வெயிலில் பிடித்தேன். ஒரு முனை நேராகச் சூரியனைப் பார்க்கும்படி திருப்பி, பின்னால் தாளைக் கதிருக்குக் குறுக்காக நிறுத்தினால், நிழல் சரியான அறுகோணமாக விழுகிறது. அதற்குள் 62.1 மி.மீ. சதுரம் அடங்கும். பந்தயம் எப்படி ஜெயித்தது என்று அப்போதுதான் புரிந்தது.

முதல் முயற்சி அதே திசையில். துளையின் நான்கு மூலைகளிலும் மிஞ்சுவது ஒன்றரை மி.மீ. அட்டைதான். கத்தி கொஞ்சம் நழுவியது, போச்சு. தப்பியிருந்தாலும் பயனில்லை, நுழைய வேண்டிய பெட்டி ஒட்டுமடிப்புகளால் புடைத்து 61-ஐத் தொட்டிருந்தது. அளக்காமல் வெட்டிய புத்திசாலி நான்தான்.

அப்புறம் டச்சுக் கணிதவியலாளர் பீட்டர் நியூவ்லாண்ட் கண்ட வழிக்கு மாறினேன். அவர் 1794இல் இறந்தார், விடை அச்சில் வந்தது 1816இல். முனையிலிருந்து முனைக்கு நேராகத் துளைக்காமல் சுமார் 16 டிகிரி சாய்த்தால் சதுரம் 63.6 மி.மீ. வரை பெரிதாகிறது. புள்ளி வைப்பது சுலபம்: ஒரு முனையிலிருந்து கிளம்பும் இரண்டு விளிம்புகளில் 45 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று, எதிர்முனையிலிருந்து, அவற்றுக்கு இணையான விளிம்புகளில் அதேபோல் இரண்டு. நான்கையும் சேர்த்தால் சதுரம். ஆனால் துளையின் வாய் ஒவ்வொரு பக்கமும் மூன்று முகங்களில் கோணல்மாணலாக விழுகிறது. அந்தக் கோடுகளைக் கணக்கிட்டு வரையவே இரண்டு மாலைகள் போயின.

இந்த முறை மடிப்புகளைச் சீவிவிட்டு ஒட்டினேன். பெட்டி உரசிக்கொண்டே உள்ளே போய் மறுபக்கம் வந்தது. மறுபடி மறுபடி நுழைத்துப் பார்த்தேன், சின்னப் பிள்ளை மாதிரி.

ஆசை விடுமா? 60-க்குள் 62-ஐ நுழைக்கப் பார்த்தேன். பாதி போனதும் ஒரு மூலை கிழிந்துவிட்டது. கணக்கு இடம் கொடுக்கிறது, அட்டைதான் தாங்கவில்லை. அடுத்தது 120 மி.மீ. அளவில், தடித்த அட்டையில்.