இந்தியா–சீனா எல்லைத் தகராறு: மெயின்ஸுக்கு நான் படித்த முறை

சிவில் சர்வீஸ் மெயின்ஸைத் தமிழில் எழுதுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "இந்தியா–சீனா எல்லை விவகாரத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்பதுதான். பொது அறிவு இரண்டாம் தாளில் அண்டை நாட்டு உறவாகவும், மூன்றாம் தாளில் எல்லைப்புறப் பாதுகாப்பாகவும் இது தலைகாட்டும். நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: முதலில் வரைபடத்தைப் போடுங்கள், ஆண்டுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான நோட்டுகளில் 1914, 1954, 1962, 1967, 1993, 2017, 2020 என்று ஒரு வரிசை இருக்கும். அதை மட்டும் உருப்போட்டுப் போனால் தேர்வறையில் ஆண்டு நினைவுக்கு வரும், அந்த ஆண்டில் அது ஏன் நடந்தது என்பது வராது.

ஒரு ஏ4 தாளில் லடாக்கை மட்டும் பெரிதாக வரையுங்கள். உச்சியில் காரகோரம் கணவாய். அங்கிருந்து கீழே இறங்கினால் டெப்சாங் சமவெளி, கல்வான் பள்ளத்தாக்கு, ஹாட் ஸ்பிரிங்ஸ், பாங்காங் ஏரி, சுசூல், கடைசியில் டெம்சோக். இவற்றுக்குக் கிழக்கே சுமார் 38,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அக்சாய் சின். இப்போது அதன் குறுக்கே ஷின்ஜியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் சாலையைப் போடுங்கள். 1957-ல் சீனா போட்டு முடித்த சாலை அது. இந்தக் கோட்டைப் போட்டதுமே பல கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். ஆள் நடமாட்டமே அரிதான அந்த மேட்டுநிலம் சீனாவுக்கு எதற்கு? 1960 ஏப்ரலில் டெல்லி வந்த சீனப் பிரதமர் சூ என்லாய், மேற்கை எங்களுக்கு விட்டால் கிழக்கில் பிடிவாதம் இருக்காது என்று ஏன் சாடைகாட்டினார்? 1962 நவம்பரில் தானாகப் போர் நிறுத்தம் அறிவித்த சீனா, கிழக்கில் அருணாச்சலின் தவாங்கைக் காலி செய்துவிட்டு அக்சாய் சின்னை மட்டும் ஏன் விடவில்லை? மூன்றுக்கும் அந்தச் சாலையைப் பார்த்தாலே பதில் தெரியும்.

அடுத்து உரிமைக் கோரல்கள். இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். மேற்கில் ஆங்கிலேயர்களே ஒரே கோட்டில் நிற்கவில்லை. 1865-ன் ஜான்சன் கோடு அக்சாய் சின்னைக் காஷ்மீர் பக்கம் வைத்தது. 1899-ல் அவர்கள் சீனாவுக்கு முன்மொழிந்த மக்கார்ட்னி–மெக்டொனால்டு கோடு அதில் பெரும்பகுதியைச் சீனப் பக்கம் விட்டது. சீனா அதற்குப் பதிலே அனுப்பவில்லை. கிழக்கில் கதை வேறு. 1914 சிம்லா மாநாட்டை ஒட்டி பிரிட்டிஷ் இந்தியாவின் பிரதிநிதி ஹென்றி மெக்மகனும் திபெத்தின் பிரதிநிதி லோன்சென் ஷாத்ராவும் கடிதங்கள் பரிமாறி எல்லைக்கோட்டை ஒப்புக்கொண்டார்கள். அதுதான் மெக்மகன் கோடு. சிம்லா வரைவில் சீனப் பிரதிநிதி இவான் சென் சுருக்கொப்பம் இட்டார், அவருடைய அரசு அதை ஏற்கவில்லை.

இந்த இடத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். மெக்மகன் கோட்டைச் சீனா ஏற்றால், 1914-ல் திபெத்துக்குத் தனியாக ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் இருந்தது என்றும் ஏற்றதாகிவிடும். நிலத்தைவிட அந்த ஒப்புதல்தான் அவர்களுக்குப் பெரிய சிக்கல். இதற்கு ஒரு நல்ல சான்று பர்மா. 1960-ல் பர்மாவுடன் சீனா செய்த எல்லை உடன்படிக்கை, மெக்மகன் என்ற பெயரைச் சொல்லாமலே பெரும்பாலும் அதே கோட்டை ஒட்டிப் போகிறது. இதைப் பதிலில் ஒரு வரி எழுதினாலும் திருத்துபவருக்கு உங்கள் புரிதல் தெரியும். தவாங்கை ஆறாவது தலாய் லாமா பிறந்த ஊர் என்று சேர்த்துப் படித்தால், அருணாச்சலில் சுமார் 90,000 சதுர கிலோமீட்டரைக் கோரும் சீனா குறிப்பாக அந்த ஊரை ஏன் விடாமல் பேசுகிறது என்பதும் விளங்கும்.

நடுப்பகுதிக்கு, அதாவது இமாச்சல், உத்தராகண்ட் பக்கத்துக்கு, இரு நாடுகளும் உரிமை கோரும் பாராஹோட்டி என்ற புல்வெளியின் பெயர் தெரிந்தால் போதும்.

இனி எல்.ஏ.சி. என்கிற நடைமுறைக் கட்டுப்பாட்டுக் கோடு, அதாவது இரு நாடுகளின் கைவசம் உள்ள பகுதிகளைப் பிரிக்கும் கோடு. இந்தியக் கணக்கில் அதன் நீளம் 3,488 கிலோமீட்டர், சீனா சொல்வது சுமார் 2,000. பாகிஸ்தானுடனான எல்.ஓ.சி. என்கிற கட்டுப்பாட்டுக் கோடு இரு தரப்பும் வரைபடத்தில் குறித்து ஒப்புக்கொண்ட கோடு, எல்.ஏ.சி. அப்படியில்லை. இதைப் புரிந்துகொள்ளப் பாங்காங் ஏரியின் வடகரையைப் பாருங்கள். மலையிலிருந்து ஏரியை நோக்கி விரல்கள் போல நீளும் பாறை முகடுகளுக்கு மேற்கிலிருந்து கிழக்காக ஃபிங்கர் 1 முதல் 8 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். கோடு ஃபிங்கர் 8-ல் போகிறது என்கிறது இந்தியா. ஃபிங்கர் 4 வரை நின்று 2020-ல் மறித்தது சீனா. இடைப்பட்ட பகுதிக்கு இரு படைகளுமே ரோந்து போய்க்கொண்டிருந்தன. யாரும் எல்லை மீறவில்லை என்று இரு அரசுகளும் சொல்லும்போதே கைகலப்பு நடப்பது இதனால்தான்.

எல்லையில் அமைதி காக்க இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தங்களை கோச்சிங் சுருக்கத்தில் படிக்காதீர்கள், மூலத்தையே படியுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் இருக்கிறது, ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான். 1996 ஒப்பந்தத்தின் 6-வது பிரிவு, கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கிச் சூடும் வெடிவைப்பும் கூடாது என்கிறது. 2020 ஜூன் 15 இரவு கல்வானில் கல்லும் கம்பியுமாக மோதியதன் பின்னணி அது. நம் வீரர்கள் இருபது பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. அந்தப் பிரிவைப் படிக்கிறபோது எனக்கு அவர் நினைவுதான் வருகிறது. எல்லைத் தீர்வுக்கான நெறிகளை வகுத்த 2005 ஒப்பந்தத்தில் 7-வது பிரிவைக் கோடிட்டு வையுங்கள்: எல்லைப்பகுதியில் நிலையாகக் குடியிருக்கும் மக்களின் நலன் காக்கப்பட வேண்டும் என்பது அது. தவாங் பற்றிய நம் வாதத்துக்கு அதுவே ஆதாரம்.

சீனத் தரப்பு வாதத்தையும் நேர்மையாக எழுதிப் பழகுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் நம் பக்கத்தை வலுவாக எழுத முடியாது. ஆனால் விடைத்தாளில் இந்திய வரைபடம் போடும்போது இந்திய நில அளவைத் துறையின் எல்லையைத்தான் போட வேண்டும். அக்சாய் சின் உள்ளே இருக்கட்டும், எல்.ஏ.சி.யைப் புள்ளிக்கோடாகக் காட்டுங்கள். அவசரத்தில் வரைந்தால் லடாக்கின் கிழக்கு ஓரம் வெட்டுப்பட்டுப் போகும், வீட்டிலேயே கை பழகியிருக்க வேண்டும்.

நடப்பு நிகழ்வுகளில் ஒரு வேறுபாட்டை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 21-ல் அறிவிக்கப்பட்ட டெப்சாங், டெம்சோக் ஏற்பாடு, நேருக்கு நேர் நின்ற படைகளை விலக்கி, ரோந்தை மீண்டும் தொடங்குவது பற்றியது. பின்னால் குவித்த படைகளைத் திரும்ப அழைப்பது அடுத்த கட்டம். எல்லையை வரையறுப்பது அதற்கும் அப்பால் உள்ள மூன்றாவது கட்டம், 2003 முதல் இரு நாட்டுச் சிறப்புப் பிரதிநிதிகள் பேசிவருவது அதைத்தான். 15 மதிப்பெண் கேள்விக்கு 250 சொற்கள்தான் இடம். கேள்வி இந்த மூன்றில் எதைக் கேட்கிறது என்று பார்த்து, அதற்கு 150 சொற்களாவது ஒதுக்குங்கள். 1962-க்கு இரண்டு வரி போதும்.