ஆர் கதைக்கிறது?

உயர்தர வகுப்பில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த மாஸ்டர், நாவல்களில் வரும் உரையாடலை மட்டும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுவார். இரண்டு பேர் எழும்பி வாசிக்க வேண்டும். ‘என்றான்’, ‘என்றாள்’ எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். “பேர் சொல்லாமலே ஆர் கதைக்கிறது எண்டு விளங்க வேணும். விளங்காட்டி எழுதினவனுக்கே அந்த ஆளைத் தெரியாது” என்பார்.

அப்படித்தான் கே. டானியலின் ‘பஞ்சமர்’ எங்கள் வகுப்புக்குள் வந்தது. யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையையும் அதை எதிர்த்தெழுந்த போராட்டத்தையும் சொல்லும் நாவல், 1972இல் வெளிவந்தது. ஒருவர் ‘நயினார்’ என்று குனிந்து அழைக்க, மற்றவர் ‘எடேய்’ என்று கூப்பிட்ட ஊர் எங்களுடையது. அந்த இரண்டு விளிகளையும் அடுத்தடுத்து வைத்தால் போதும். யார் திண்ணையில் இருக்கிறார், யார் முற்றத்தில் நிற்கிறார் என்று ஆசிரியர் தனியாக எழுத வேண்டியதில்லை.

நாங்கள் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்று மூன்று படி வைத்துக் கதைக்கிறவர்கள். அதுவரை மனைவியை ‘நீர்’ என்று அழைத்த கணவன் ஒரு வரியில் ‘நீ’ என்று இறங்கினால், அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று வாசகருக்குப் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு ‘என்று கோபத்துடன் கத்தினான்’ எதற்கு?

1960களில் பேச்சுத்தமிழில் எழுதியவர்களை மரபுவாதிகள் ‘இழிசனர் வழக்கு’ என்று சொல்லித் தாக்கினார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது மாஸ்டரின் குரல் உயரும். கூலிக்கு வேலை செய்கிறவரைச் செந்தமிழில் கதைக்க வைப்பது அவருடைய வாயை அடைப்பதுதான் என்று நானும் நம்புகிறேன்.

ஆனால் வட்டாரச் சொல் மட்டும் உரையாடலைத் தூக்கிவிடாது. ஒளிப்பதற்கும் ஏதாவது வேண்டும். வெளிக்கிட்டவரிடம் ‘எங்கை போறியள்’ என்று கேட்பது ஊரில் அபசகுனம், ‘தூரமோ?’ என்பார்கள். கையில் பயணப் பையோடு நிற்கிறவர் ‘இல்லை, உதிலைதான்’ (இங்கே பக்கத்தில்தான்) என்று மறுமொழி சொன்னால், அங்கே ஒரு கதை தொடங்கிவிட்டது. எழுதுகிறவர் அதோடு பேசாமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

இந்த மலருக்குக் கதை அனுப்பும் இளையவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்மம்மா யாழ்ப்பாணத் தமிழில் கேட்க, பேரன் ஆங்கிலத்தில் அரை வசனம் சொல்லிவிட்டு அறைக்குள் போகும் வீடுகள் நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் இங்கே எத்தனையோ. சரி, அதையே எழுதுங்கள். அவனுக்காக நல்ல தமிழில் மறுமொழி எழுதிக் கொடுக்காதீர்கள். அம்மம்மாவையும் திருத்த வேண்டாம்.