மாமாத்தனம்

நேத்து ஆன்லைன் மீட்டிங்கில் பெங்களூர்ப் பிள்ளை ஒண்ணு என்னைப் பார்த்து, "சார், யூ ஆர் சோ அவங்குலர்"னு சொல்லிட்டு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன். இங்கிலீஷ்ல ஏசினாலும் சிரிச்சு வைக்கதுதானே நம்ம வழக்கம்.

கேமராவ அமத்திட்டு அகராதியப் பார்த்தா, 'மாமாவைப் போன்ற, பரிவான'. அதாவது, மாமாத்தனமான! வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம வீட்ல சொல்லித் தொலைச்சேன். "பாளையங்கோட்டை மார்க்கெட்ல போயி யாரையாவது இப்படிச் சொல்லிப் பாருங்க, செருப்படி விழும்"னா வீட்டுக்காரி.

அந்நேரம் பார்த்தா மாமா அம்பைலருந்து வந்து இறங்கணும்? அதே மஞ்சப்பை. உள்ள ஒரு சீப்பு நாட்டுப்பழம், பாதி பஸ்லயே நசுங்கினது. காதுல அரைகுறையா விழுந்திருக்கு. "குலமா? எவன்டே நம்ம குலத்த இழுக்கது?"

"குலமில்ல மாமா, லத்தீன். அவுங்குலுஸ்னா தாய்மாமன். பிரிச்சுப் பார்த்தா குட்டித் தாத்தா. அப்பாகூடப் பொறந்தவருக்குத் தனிப்பேரு, பத்ருவுஸ். ரோம்ல சிடுசிடுன்னு ஏசுத ஆளுக்கே அவரத்தான் உதாரணம் சொல்லுவாங்களாம்."

மாமா மொகத்தப் பார்க்கணுமே. "அப்ப ஒங்க சித்தப்பன் அங்கயும் இருந்திருக்கான்!"

சித்தப்பா பேரு வந்தா வரப்புத் தகராறு வராம இருக்குமா. ஒண்ணரை அடி வரப்பு. அது மாமா சொல்லச் சொல்ல மூணடி ஆயி, நான் ரெண்டாவது காப்பி குடிச்சு முடிக்கையில தாமிரபரணி அகலத்துக்கு வந்துட்டு.

இந்த லட்சணத்துல நான் வேற எடுத்துக் குடுத்தேன். தாய்மாமனைச் சொன்ன அந்த அவுங்குலுஸ்தான் பிரெஞ்சு வழியா வந்து இங்கிலீஷ்ல 'அங்கிள்' ஆச்சு; சித்தப்பனுக்கும் இப்ப அதே பேருதான்.

"வரப்பு பத்தாதுன்னு பேரையும் எடுத்துக்கிட்டானா!"

பேச்ச மாத்தலாம்னு, "அடகுக்கடைக்காரனுக்கும் அங்கிள்னு இங்கிலீஷ்ல ஒரு பழைய கொச்சைப்பேரு உண்டு மாமா"ன்னேன்.

மாமா பழத்த உரிச்சுக்கிட்டே இருந்தார். கை அதுவா கழுத்தத் தடவிப் பார்த்துட்டு எறங்கிச்சு.

"அப்ப ஒனக்குக் காது குத்தயில ரெண்டு மாமன்லா சீர் செஞ்சிருக்கோம்."

"அந்தச் செயினத் திருப்புனீங்களா மாமா?"

"பழத்தத் தின்னுடே. கனிஞ்சு போச்சு."