சைட்வைண்டரா, 900 ஏஸ் டர்போ ஆரா?

பனி வண்டியில் (ஸ்னோமொபைல்) ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் கனடாவின் கியூபெக், அமெரிக்காவின் மினசோட்டா பக்கம் இந்தச் சண்டைதான். யமஹா சைட்வைண்டர்: 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ, 200 குதிரைத்திறன் வகுப்பு. ஸ்கி-டூவின் 900 ஏஸ் டர்போ ஆர்: 899 சிசி, 180 குதிரைத்திறன். உறைந்த ஏரியில் நேராக விரட்ட யமஹாதான். வளைவு நிறைந்த பாதையில் கதையே வேறு, யமஹாவின் முன்பாரம் கைக்குத் தெரியும். (2025 மாடலோடு யமஹா பனி வண்டிக் கடையைக் கட்டியதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.)

வளைவில் ஸ்கி (முன்னால் இருக்கும் சறுக்குப் பலகை) பிடிக்காமல் வெளியே வழுக்கினால் பலரும் முன் ஸ்பிரிங்கை முறுக்குகிறார்கள். முதலில் ஸ்கிக்கு அடியில் பனியைக் கடிக்கும் கார்பைடு முனை தேய்ந்திருக்கிறதா பாருங்கள். நன்றாக இருந்தால் லிமிட்டர் ஸ்ட்ராப்பை (பின் சஸ்பென்ஷனின் முன்பகுதி கீழே இறங்குவதைக் கட்டுப்படுத்தும் பட்டை) ஒரு துளை இறுக்குங்கள், ஸ்கி மேல் பாரம் கூடும். ஹேண்டில் கனத்தால் தளர்த்திவிடலாம்.

இன்ஜின் சக்தியைக் கடத்தும் பெல்ட் அடிக்கடி அறுந்தால் கிளட்ச் அலைன்மென்ட்டை (இரண்டு கிளட்சும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று) சரிபாருங்கள். சூடுதான் பெல்ட்டுக்கு எமன். இறுகிய பனியில் ஐஸ் ஸ்கிராட்சரை (பனியைச் சுரண்டி மேலே வீசிக் குளிர்விக்கும் கம்பி) இறக்காமல் ஓட்டினால் கூலன்ட் சூடேறும், டிராக் உரசி ஓடும் பிளாஸ்டிக் ஸ்லைடும் உருகும்.