நண்பன் பெயரில் ஒரு கோப்பை: நடத்திப் பார்த்த அனுபவம்

எங்கள் கைப்பந்து அணியில் பல ஆண்டுகள் செட்டராக (அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவராக) ஆடிய நண்பன் சிறுநீரகச் செயலிழப்பால் இறந்த மறு ஆண்டு, அவன் பெயரில் ஒரு போட்டி நடத்தி, அதில் திரளும் பணத்தை டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். திருச்செந்தூரைச் சுற்றியுள்ள தேரிக்காட்டு (செம்மணல் மேட்டு) ஊர்களுக்கு நினைவுக் கோப்பை புதிதல்ல. ஆனால் அத்தகைய போட்டிகள் பெரும்பாலும் பரிசுத் தொகையை வைத்தே பேசப்படுகின்றன. நிதி திரட்டுவதற்காக நடத்தும்போது பல முடிவுகளை வேறு விதமாக எடுக்க வேண்டியிருந்தது. அதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

பணம் எதற்குப் போக வேண்டும் என்பதில் எங்களுக்குள் குழப்பமே இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டிய ஒருவர், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தூத்துக்குடிக்குத் துணையாள் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போய்வரும் செலவை எந்தக் காப்பீடும் தருவதில்லை. மகளிருக்கான கட்டணமில்லாப் பயணமும் சாதாரண நகரப் பேருந்துகளுக்கே உரியது. தூத்துக்குடிக்குப் போகும் புறநகர்ப் பேருந்தில் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலியும் போகும். நண்பன் வீட்டில் இதை அருகிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். இடக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைக்கும் அறுவை) வைத்த பிறகு அந்தக் கையில் அடிபடக் கூடாது என்பதால் அவன் பந்தைத் தொடவில்லை. ஸ்கோர் எழுதும் மேசைக்கு மாறி, எங்கள் சர்வீஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

பெரிய விவாதம் பரிசைப் பற்றியதாகவே இருந்தது. சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற அணிகளை வரவழைத்தால் கூட்டம் சேரும் என்பது உண்மைதான். ஆனால் பரிசுத் தொகை, போக்குவரத்து, தங்குமிடம், உணவு என்று எல்லாம் போக மிஞ்சுவதைத்தான் நோயாளிகளுக்குக் கொடுக்க முடியும், மிஞ்சாமலும் போகலாம். ஆகவே வட்டாரத்தைச் சேர்ந்த 8 அணிகள், சுழற்கோப்பை, ஆட்டக்காரர்களுக்குப் பதக்கம், ரொக்கப் பரிசு கிடையாது என்று தீர்மானித்தோம். இதைக் கேட்டுச் சில அணிகள் விலகின. வேறு அணிகள் வந்தன. பந்தல், விளக்கு, நடுவர் படி ஆகிய செலவுகளை வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் எங்கள் பழைய ஆட்டக்காரர்கள் ஏற்றார்கள். நுழைவுக் கட்டணம், உண்டியல், கடைக்காரர்களின் நன்கொடை மூன்றும் செலவுக் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கலக்காமல் நேரே உதவி நிதிக்குப் போயின. நிதிக்காக நடத்தும் போட்டியில் இந்தப் பிரிவினை முதல் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பணத்தைத் தனியொருவர் கணக்கில் போடுவதை நாங்கள் விரும்பவில்லை. சங்கத்தின் பெயரில் கணக்குத் தொடங்க வங்கி பதிவுச் சான்று கேட்டது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி அணியைச் சங்கமாகப் பதிவு செய்து, இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டில் கணக்குத் தொடங்கினோம். நன்கொடையாளர்களில் சிலர் வருமான வரிச் சலுகை கிடைக்குமா என்று கேட்டார்கள். 80ஜி அனுமதி இல்லாத சங்கத்துக்கு அது கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். அதற்காக யாரும் பின்வாங்கவில்லை.

தேதி குறிப்பதுதான் எங்கள் பகுதியில் உண்மையான சிக்கல். மார்ச், ஏப்ரலில் தேர்வுகள் நடப்பதால் பள்ளி மைதானம் கிடைக்காது. ஆனி பிறந்துவிட்டால் காற்று பந்தைத் தன் விருப்பத்துக்கு இழுத்துப் போகும். இடைப்பட்ட மே மாதத்திலோ ஊருக்கு ஊர் கோயில் கொடை விழா வருவதால் மைக் செட்காரரும் ஜெனரேட்டர்காரரும் நம் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. கொடை இல்லாத ஒரு சனி, ஞாயிறைக் கண்டுபிடித்து, முதலில் ஒலி, ஒளிக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டே தலைமையாசிரியரிடமும் காவல் நிலையத்திலும் மனு கொடுத்தோம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை என்பதால் அட்டவணையையும் அதற்கேற்ப அமைத்தோம். நாக் அவுட் முறையில் அணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை வந்துவிடும்; 8 அணிகளுக்கு 7 ஆட்டங்கள். மூன்று செட் ஆட்டம் ஒன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் என்று வைத்து, சனி மாலை 4 ஆட்டங்களும் ஞாயிறு மாலை 3 ஆட்டங்களும் நடத்தினோம். சாலையோர ஃபிளக்ஸ் வேண்டாம் என்று விட்டதில் அனுமதி வாங்கும் அலைச்சலும், யார் படம் எந்த அளவில் என்ற தகராறும் சேர்ந்தே ஒழிந்தன. சிறப்பு விருந்தினர் விஷயத்திலும் அப்படித்தான்: எங்கள் எல்லோருக்கும் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் கோப்பையைக் கொடுத்தார், மேடையில் வேறு நாற்காலி போடவில்லை.

ஆட்டம் நடந்த இரண்டு மாலைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செம்மண்ணை நீர் தெளித்து உருளையால் அழுத்தி, 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள களத்துக்கு ரிப்பன் அடித்து, 2.43 மீட்டர் உயரத்தில் வலை கட்டினோம். மாவட்டக் கைப்பந்துக் கழகத்தின் வழியாக வந்த நடுவர்கள் இருந்ததால், உள்ளூர் ஆட்டங்களில் வழக்கமாக எழும் கோட்டுச் சண்டை எழவில்லை.

நிதியைக் கொடுப்பதில் ஒரு முறையைக் கடைப்பிடித்தோம். மேடையில் நோயாளிகளை வரிசையாக நிறுத்திக் காசோலை கொடுத்துப் படம் எடுப்பதை நண்பனின் மனைவி முதலிலேயே மறுத்துவிட்டார். அவர் சிகிச்சை நாட்களில் பழகிய குடும்பங்களிடம் சொல்லி, அவர்கள் வழியாக விண்ணப்பம் பெற்று, காப்பீட்டு அட்டையையும் சிகிச்சைக் குறிப்பேட்டையும் பார்த்து, மாதந்தோறும் பயணச் செலவுக்கான தொகையை அவரவர் வங்கிக் கணக்கில் போடுகிறோம். ஒரே தவணையில் கொடுத்தால் பழைய கடனுக்குப் போய்விடும் என்று அந்தக் குடும்பங்களே சொன்னார்கள். வரவுசெலவுக் கணக்கு ஊர் நூலகத்தின் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. பெறுபவர்களின் பெயர் அதில் இல்லை.

அடுத்த முறை பெண்கள் அணிகளையும் சேர்க்கிறோம். வலையை 2.24 மீட்டருக்கு இறக்குவது எளிது. உடை மாற்றப் பூட்டக்கூடிய அறையும் கழிப்பறையும் வேண்டும் என்பதால், வகுப்பறைகள் இரண்டைத் திறந்துவிடும்படி தலைமையாசிரியருக்கு இப்போதே கடிதம் கொடுத்திருக்கிறோம்.