கிளுவைப் போத்தும் கொரியன் புல்லும்

பிளஸ் டூவில் நான் அக்ரி குரூப். 1978-ல் மேல்நிலை வகுப்புகள் வந்தபோதே கூட வந்த தொழிற்கல்விப் பிரிவுதான். ஆனாலும் மார்க் குறைந்தவன் போகிற இடம் என்றே ஊரில் பேச்சு. இன்று துபாயிலும் தோகாவிலும் இருக்கிற சயின்ஸ் குரூப் மாப்பிள்ளைகள் அப்போது எங்களுக்கு வைத்த பெயர் "மம்முட்டி கோஷ்டி". பள்ளிக் கிணற்றடியில் பாத்தி கட்டியதும் பதியம் போட்டதும்தான் பின்னால் எனக்குச் சோறு போட்டது.

கோயம்புத்தூரில் ஒரு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வரும் செடிகளை இறக்கி, பெயர் பார்த்து அடுக்குவது. அப்புறம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரர் வீட்டில் தனியாகப் புல்தரை போட்டேன். புல் விரிக்கிற காசு ஒரு தடவை வரும், அதோடு சரி. மாதாமாதம் வெட்டி, உரம் வைத்து, களை எடுக்கிற பராமரிப்புப் பணம் இருந்ததால்தான் ஆட்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் தவறாமல் போட முடிந்தது. இந்தத் தொழிலுக்கு வருகிற பையன்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

வீடு கட்டுகிற எல்லோருக்கும் கொரியன் புல்தான் வேண்டும். காங்கேயம், தாராபுரம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. புல் நுனி கருகிவிடும். அங்கே நம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொரங்காட்டையே சின்னதாகப் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். கொழுக்கட்டைப் புல், நடுவே ஒன்றிரண்டு வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவை வேலி. "ஏனுங்க, காசு குடுத்து முள்ளு வைக்கறதா?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான், அவர் அப்பா காட்டில் சும்மா நின்ற வேலி அது. கிளுவைக் கிளையைப் போத்தாக வெட்டி மழைக்கு முன்னால் நெருக்கமாக ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். ஆடு மாடு நுழையாது. கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும். அப்போது மட்டும் "செடி செத்துப்போச்சுங்க" என்று போன் வரும். ஒரு மழை பெய்யட்டுங்க என்பேன். மழை பெய்து துளிர்த்த பிறகு யாரும் கூப்பிட்டுச் சொன்னதில்லை!

பல்லடம், உடுமலைப் பக்கம் வேறு தொல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றுக்கு முட்டுக் கொடுக்காத இளமரம் சாய்ந்துவிடும்.

வளைகுடாவில் இருப்பவர்கள் ஊரில் வீடு கட்டும்போது, அங்கே சாலையோரம் பார்க்கிற கோனோகார்பஸ் மரத்தைக் கேட்கிறார்கள். வைத்துத் தர மாட்டேன். அதன் வேர் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகும். இன்னொன்று, தோட்டக்காரனைக் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின வாரம் கூப்பிடாதீர்கள். அதற்குள் கொத்தனார்கள் உடைந்த செங்கல், சிமெண்டுக் கட்டி எல்லாவற்றையும் முன்வாசல் மண்ணில் புதைத்து மேலே செம்மண் தூவியிருப்பார்கள். அதைத் தோண்டி எடுக்கிற கூலி, செடி விலையைத் தாண்டிவிடுகிறது. அஸ்திவாரம் தோண்டும்போதே மேல்மண்ணைத் தனியாக ஒரு மூலையில் குவிக்கச் சொல்லுங்கள். மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.