கேம்பிங் ட்ரெய்லருக்கு எந்த ஜாக்கி?

எங்கள் ட்ரெய்லரைப் பார்க்க வருகிறவர்கள் குனிந்து பின்பக்க ஜாக்கியைப் பார்த்ததும் "எத்தனை டன் தாங்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கடைக்குப் போனாலும் கவுண்டரில் இருப்பவர் அதையேதான் கேட்பார். தண்ணி கேன், அடுப்பு, மெத்தை எல்லாம் சேர்ந்தும் 500 கிலோ எடையுள்ள வண்டி இது. சின்ன கார் ஜாக்கியே ஒரு டன் என்று அச்சடித்துத்தான் வருகிறது. டன்னை வைத்து இதற்கு ஜாக்கி தேர்ந்தெடுக்க முடியாது. பக்கவாட்டில் தள்ளினால் எவ்வளவு ஆடுகிறது, தரையில் எவ்வளவு இடம் பிடித்து நிற்கிறது, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். காலடிப்பேட்டையில் மச்சானுடைய வெல்டிங் பட்டறையில் கட்டியது. 8 அடி நீளம், 5 அடி அகலம், சி சேனல் சட்டம், ஒற்றை அச்சு, லீஃப் ஸ்பிரிங். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. காரோடு இழுத்துப் போகும்போது ஸ்பிரிங் ஆடுவது நல்லதுதான். ஆனால் ராத்திரி ஒருவர் புரண்டு படுத்தாலும் அந்த ஸ்பிரிங்கும் டயரும் சேர்ந்து ஆடும், பக்கத்தில் தூங்குகிறவருக்கு விழிப்பு வந்துவிடும். சட்டத்திலிருந்து நேராகத் தரைக்கு ஒரு கால் இறக்கிவிட்டால் ஸ்பிரிங்குக்கு அசைய இடமிருக்காது. ஸ்டெபிலைசர் ஜாக்கியின் வேலை இவ்வளவுதான். வண்டியைத் தூக்குவது அதன் வேலையே கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு, அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. காரிலிருந்து கழற்றிய பிறகு எங்கள் வண்டியின் மூக்கில், அதாவது காரோடு மாட்டுகிற முன்முனையில், இருக்கும் எடை சுமார் 50 கிலோ. மூக்கு அச்சிலிருந்து ஏழரை அடி தள்ளி இருக்கிறது, பின்விளிம்பு மூன்றரை அடி. கணக்குப் போட்டால், பின்விளிம்பில் 107 கிலோவுக்கு மேல் ஏறினால் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு வண்டி பின்பக்கமாகக் குந்திவிடும். இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்து டீ குடித்தால் அந்த எடை வந்துவிடும். குழந்தைகள் வண்டிக்கடியில் பந்து எடுக்கப் போகிற இடத்தில் இதை அலட்சியமாக விடக்கூடாது. ஒன்று மட்டும்தான் செய்ய முடியும் என்றால், பின்பக்கம் இரண்டு கால்களை முதலில் போட்டுவிடுங்கள்.

காலோடு தரையையும் பார்க்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது எண்ணூர் விரைவுச் சாலையில். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசையாக நிற்கும். இழுவை லாரியைக் கழற்றுவதற்கு முன் டிரைவர் ஹேண்டிலைச் சுற்றி லேண்டிங் லெக்கை இறக்குவார். இறக்குவதற்கு முன்னால் மறக்காமல் அடியில் ஒரு மரக்கட்டை வைப்பார். ஒருவரிடம் கேட்டேன், "இன்னாண்ணே, தார் ரோட்டுலயே கட்டை வைக்கிறீங்க?"

"வெயில்ல தார் எளகும் தம்பி, இரும்பு உள்ள எறங்கிடும். காலு எவ்ளோ ஸ்ட்ராங்கா இருந்து இன்னா, தரை வுட்டுச்சுன்னா முடிஞ்சுது."

தரை விட்டுவிடும் என்று அவர் சொன்னதைப் பழவேற்காட்டு மணலுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு காலுக்கு 100 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கியின் பாதம் 10-க்கு 10 சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஒரு கிலோ. அடியில் 30-க்கு 30 பலகை வைத்தால் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. கண்டெய்னர்களின் தரையில் போடுகிற 28 மில்லிமீட்டர் பிளைவுட் இதற்கென்றே செய்தது போல இருக்கும். மாதவரம் பக்கம் பழைய கண்டெய்னர் உடைக்கிற இடங்களில் துண்டாகக் கிடைக்கிறது. அந்தப் பலகையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள், அதனால் அடுப்பில் வைத்து எரிக்கவோ காய் நறுக்கவோ எடுக்காதீர்கள்.

சரி, எந்த ஜாக்கி? மச்சானுக்கு பாட்டில் ஜாக்கி மேல்தான் கண். "மாமா, லாரியையே தூக்குது, இத்த தூக்காதா?" என்றான். தூக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் எண்ணெய் அழுத்தத்தில் நிற்கிற பொருள், வால்விலோ சீலிலோ துளி கசிந்தாலும் விடிவதற்குள் இறங்கிவிடும். பக்கவாட்டுத் தள்ளலும் அதற்கு ஆகாது. ராத்திரி முழுக்க நிற்க வேண்டிய இடத்தில் திருகு இருக்க வேண்டும். திருகின் சரிவு அவ்வளவு குறைவு என்பதால், மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் உராய்வே அதைத் திரும்பிச் சுற்ற விடாது.

சென்ட்ரிங் வேலையில் சாரத்துக்கு அடியில் வைக்கிற பேஸ் ஜாக்கியையும் யோசித்தோம். கெட்டியான திருகுக் கம்பி, கீழே தகடு, கையால் சுற்றுகிற நட்டு. விலை குறைவு, வலுவுக்குக் குறையில்லை. மடங்காது என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு முறையும் கழற்றி உள்ளே வைக்க வேண்டும், எடையும் ஜாஸ்தி. குழாய்க்குள் குழாய் விட்டு, துளையில் ஒரு பின்னை (pin) செருகி நிறுத்துகிற மடக்குக் கால் இதைவிட லேசு. ஆனால் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் தரை அமைந்துவிட்டால் கால் பாதி தொங்கும்.

கடைசியில் இரண்டு சிசர் ஜாக்கி, திருகைச் சுற்றினால் கத்தரி மாதிரி கைகள் விரிந்து மடங்குகிற வகை. லிங்கி செட்டித் தெருவில் புதிதாக வாங்கினோம். புதுப்பேட்டையில் பழசு மலிவாகக் கிடைக்கும், ஆனால் மூட்டுப் பின்கள் தேய்ந்திருந்தால் நாம் எதைத் தடுக்க நினைக்கிறோமோ அந்த ஆட்டத்தையே காசு கொடுத்து வாங்குகிறோம். கடையிலேயே பாதி உயரத்துக்கு விரித்து, தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள். கைக்குத் தெரிகிற அளவு ஆடினால் கீழே வைத்துவிடுங்கள்.

சிசர் ஜாக்கிக்கு ஒரு குணம் உண்டு. தட்டையாக மடங்கியிருக்கும்போது திருகு படுகிற பாடு அதிகம். கைகள் 45 டிகிரியில் நின்றால் திருகில் விழுகிற இழுப்பு மேலே உள்ள எடைக்குச் சமம். 15 டிகிரிக்குத் தாழ்ந்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதற்காக முழுசாக விரித்தால் ஒல்லியாக நின்று தள்ளாடும். ஆகவே நடு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே அது வேலை செய்யும்படி அமைக்க வேண்டும். எங்கள் சட்டம் தரையிலிருந்து 16 இஞ்சு. ஜாக்கி மடங்கினால் 4, விரிந்தால் 15. சட்டத்துக்கு அடியில் 3 இஞ்சுப் பெட்டி போட்டு அதில் ஜாக்கியைத் தொங்கவிட்டோம். அடியில் ஒரு இஞ்சுப் பலகை போக, 12 இஞ்சு விரிந்தால் தரை தொடும், பள்ளம் என்றால் இன்னும் 3 இஞ்சு கையிருப்பு. மடக்கி ஓட்டும்போது தரைக்கும் ஜாக்கிக்கும் 9 இஞ்சு இடைவெளி. எங்கள் ஏரியா ஸ்பீடு பிரேக்கர்களுக்கு அதற்குக் குறைவாக வைக்க எனக்கு மனசு வராது.

பொருத்துகிற திசை இன்னும் முக்கியம். கைகள் விரிகிற திசையில் சிசர் ஜாக்கி விறைப்பாக நிற்கும், அதற்குக் குறுக்கே தள்ளினால் மூட்டுகளின் இடைவெளி அளவுக்கு ஆடும். இரண்டு ஜாக்கியையும் வண்டியின் மூலையைப் பார்த்த மாதிரி 45 டிகிரி திருப்பி வைத்தால் முன்பின், பக்கவாட்டு இரண்டு ஆட்டத்தையும் அவை பங்கு போட்டுக்கொள்ளும். ஹேண்டில் மாட்டுகிற முனையும் வெளிப்பக்கம் வந்துவிடுவதால் வண்டிக்கடியில் படுக்க வேண்டியதில்லை. வெல்டு வைக்காமல் 8.8 கிரேடு போல்ட்டும், ஆட்டத்தில் தானாகக் கழலாத நைலாக் நட்டும் போட்டோம். கடல் காற்று தினமும் தின்கிற ஊரில் ஜாக்கியை ஒருநாள் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

துருவுக்கு பயந்து திருகில் கிரீஸை அப்பி வைக்கவும் கூடாது. மணல் ஒட்டிக்கொண்டு மரையை அரம் போலத் தேய்க்கும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவிட்டு, டீசல் துணியால் துடைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு போதும். ஓட்டும்போது பழைய தார்ப்பாய்த் துண்டில் தைத்த உறையைக் கட்டிவிடுகிறேன்.

இறக்குகிற வரிசையில் சமரசம் வேண்டாம். முதலில் டயருக்கு அடியில் பலகை போட்டுப் பக்கவாட்டு மட்டத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு, காரிலிருந்து கழற்றுவதற்கு முன்பே இரண்டு டயருக்கும் முன்னும் பின்னும் கட்டை. கழற்றிய பிறகு, முன்பின் மட்டத்தை மூக்குச் சக்கரத்தின் ஹேண்டிலைச் சுற்றி ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். கொத்தனார் ரசமட்டம் ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும். மட்டம் வந்த பிறகுதான் ஜாக்கி. பலகையைத் தொட்டதும் இன்னும் அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். ஜாக்கியாலேயே ஒரு மூலையைத் தூக்கி மட்டம் பண்ணினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், பின்கதவு சரியாக மூடாது.

மூக்குச் சக்கரத்தோடு சேர்த்து மூன்று புள்ளிகளில் நிற்பதால் கரடுமுரடான தரையிலும் எந்தக் காலும் தொங்குவதில்லை. மெத்தை முன்பக்கம் இருக்கிற வண்டியாக இருந்தால் மட்டும் முன்னாலும் ஒரு ஜோடி வேண்டியிருக்கும், அதற்கு மடக்குக் காலே போதும்.